காட்டு பங்களாவில் ஒரு ராத்திரி தங்கணுமா? முதலில் தேதியைப் பிடியுங்க!

ஏப்ரல் மாதக் கடைசி. பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. “இந்த வருஷமாவது முதுமலை போகலாம். ஒரு ராத்திரி காட்டுக்குள்ளேயே தங்கலாம்” என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்கிறீர்கள். செல்போனை எடுத்து முன்பதிவுத் தளத்தைத் திறந்தால், மே மாதத்தில் எந்தச் சனி, ஞாயிறைத் தொட்டாலும் அறை இல்லை என்றே வருகிறது.

மனசு கேட்கவில்லை. கூகுளில் தேடுகிறீர்கள். மேலே முதலாவதாக வருகிற ஒரு தளத்தில், அதே தெப்பக்காடு, அதே தேதிக்கு அறை இருப்பதாகக் காட்டுகிறது. அதில் இருக்கும் எண்ணுக்கு அழைத்தால் மரியாதையாகப் பேசுகிறார்கள். வாட்ஸ்அப்பில் அறையின் படம் வருகிறது. “ஒரே ஒரு ரூம்தான் சார் இருக்கு, பத்து நிமிஷத்துல அட்வான்ஸ் போட்டுடுங்க” என்கிறார்கள்.

இந்தப் பத்து நிமிடத்தில்தான் பலருடைய பணம் போகிறது. 2025 ஏப்ரலில் மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்திய இணையவழிக் குற்ற ஒருங்கிணைப்பு மையம், சுற்றுலாவுக்கும் யாத்திரைக்கும் முன்பதிவு செய்பவர்களைக் குறிவைத்துப் போலித் தளங்கள் இயங்குவதாக எச்சரித்தது. விருந்தினர் இல்லம், ஓட்டல், டாக்ஸி என்று எல்லாவற்றின் பெயரிலும் இந்த ஏமாற்று நடக்கிறது.

ஏமாறுகிறவர்கள் விவரம் இல்லாதவர்கள் அல்ல. தாமதமாகத் தேடத் தொடங்கியவர்கள். அவசரத்தில் இருப்பவருக்கு ‘கடைசி ஒரு அறை’ என்ற சொல் போதும். அதனால் இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான்: காட்டுக்குள் அறை கிடைக்க சிபாரிசும் வேண்டாம், ஏஜென்ட்டும் வேண்டாம். எந்த நாளில் முன்பதிவு திறக்கிறது என்பது தெரிந்து, அந்த நாளில் தயாராக இருந்தால் போதும். அதை எப்படிச் செய்வது என்று முதுமலையை உதாரணமாக வைத்துப் பார்ப்போம்.

ஏன் இவ்வளவு சீக்கிரம் அறை தீர்ந்துபோகுது?

ஊட்டியில் ஓட்டல்கள் நிறைய. கூட்டம் கூடினால் இன்னும் நாலு ஓட்டல் கட்டலாம். காட்டுக்குள் அப்படிக் கட்ட முடியாது.

முதுமலை 1940-லேயே வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1990-ல் அதன் ஒரு பகுதி தேசியப் பூங்கா ஆனது. 2007-ல் புலிகள் காப்பகம் ஆனது. ஒரு பக்கம் கர்நாடகத்தின் பந்திப்பூர், இன்னொரு பக்கம் கேரளத்தின் வயநாடு என்று மூன்று மாநிலக் காடுகள் இங்கே ஒட்டிக் கிடக்கின்றன. யானைக்கும் புலிக்கும் மாநில எல்லை தெரியாது. அவற்றுக்கு இது ஒரே காடு.

இப்படிப்பட்ட இடத்தில் சுற்றுலாவுக்கு ஒரு வரம்பு உண்டு. தேசிய புலிகள் பாதுகாப்பு ஆணையம் 2012-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒரு புலிகள் காப்பகத்தின் மையப் பகுதியில் அதிகபட்சம் 20 சதவீத இடத்தில்தான் சுற்றுலாவை அனுமதிக்கலாம். மையப் பகுதிக்குள் சுற்றுலாவுக்கென்று புதிய கட்டடங்கள் கட்டவும் கூடாது. ஆக, தெப்பக்காடு, கார்குடி, அபயாரண்யம், மசினகுடி ஆகிய இடங்களில் வனத்துறைக்கு இருக்கிற ஓய்வு இல்லங்களும், பலர் சேர்ந்து தங்கும் கூடங்களும்தான் நமக்கு வாய்ப்பு. அவை கொஞ்சம்தான். கேட்கிற ஆட்கள் எவ்வளவு கூடினாலும் அறைகள் கூடப் போவதில்லை.

ஆனால் கேட்கிற ஆட்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். தெப்பக்காடு யானைகள் முகாமில் குட்டி யானை ரகுவை வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியைப் பற்றிய ‘தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்’ ஆவணப்படம் 2023 மார்ச்சில் ஆஸ்கர் விருது வாங்கியது. அதற்குப் பிறகு, முதுமலை என்ற பெயரையே கேட்டிராத ஊர்க்காரர்களும் செல்போனில் தெப்பக்காட்டைத் தேட ஆரம்பித்தார்கள்.

எனவே ‘அறை இல்லை’ என்று திரையில் வந்தால் கோபப்பட வேண்டாம். அறைகள் குறைவாக இருப்பதால்தான் ராத்திரியில் அங்கே காடு இன்னும் காடாக இருக்கிறது.

முன்பதிவு எப்போ திறக்கும்? அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ரயில் டிக்கெட் எடுத்துப் பழகியவர்களுக்கு இது புதுசு இல்லை. முன்பெல்லாம் ரயிலில் 120 நாளுக்கு முன்பே பதிவு செய்யலாம். 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாளாகக் குறைக்கப்பட்டது. தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள் அந்த 60-வது நாளைக் கணக்குப் போட்டு, காலை 8 மணிக்கு விரலைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். காட்டு அறைக்கும் இதே கணக்குத்தான்.

உலகம் முழுக்க இப்படித்தான் நடக்கிறது. அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில், ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி, அடுத்த ஆண்டின் அதே மாதத்துக்கான விடுதி முன்பதிவு மொத்தமாகத் திறக்கப்படுகிறது. யோசெமிட்டியில் 366 நாளுக்கு முன்பே பதிவு தொடங்குகிறது. கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் அடியில் உள்ள ஃபாண்டம் ராஞ்ச் விடுதிக்குக் கேட்பவர்கள் மிக அதிகம். அதனால் சுமார் 15 மாதத்துக்கு முன்பே பெயர் கொடுத்துக் குலுக்கலில் கலந்துகொள்ள வேண்டும்.

இந்த மூன்று உதாரணங்களில் மூன்று முறைகள் இருக்கின்றன. முதல் முறையில் ஒரு மாதம் முழுவதும் ஒரே நாளில் திறக்கும். இரண்டாவதில் தினமும் ஒரு நாள் புதிதாகத் திறக்கும். மூன்றாவது குலுக்கல். நீங்கள் போக நினைக்கும் பூங்கா எந்த முறையில் நடக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை, செல்போனிலேயே பார்த்துவிடலாம். அதிகாரப்பூர்வ முன்பதிவுப் பக்கத்தைத் திறந்து, தங்கும் தேதி கேட்கும் இடத்தில் வரும் நாள்காட்டியை முன்னே தள்ளிக்கொண்டே போங்கள். ஒரு கட்டத்தில் தேதிகள் மங்கலாகி, தொட முடியாமல் போகும். தொட முடிகிற கடைசித் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்றிலிருந்து அதுவரை எத்தனை நாள் என்று எண்ணுங்கள். அதுதான் முன்பதிவுக் காலம்.

மறுநாள் மறுபடி திறந்து பாருங்கள். கடைசித் தேதி ஒரு நாள் நகர்ந்திருந்தால் தினமும் ஒரு நாள் திறக்கிறது என்று அர்த்தம். நகரவில்லை என்றால் மொத்தமாகத் திறக்கிற முறையாக இருக்கலாம். அப்போது மாதத்தின் முதல் சில நாட்களில் தவறாமல் பாருங்கள். இந்த விதிகள் அவ்வப்போது மாறும். அதனால் போன வருஷம் போய் வந்த நண்பர் சொன்ன கணக்கை அப்படியே நம்பாமல், நீங்களே ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

பின்னாலிருந்து கணக்குப் போடுங்க

முன்பதிவுக் காலம் தெரிந்துவிட்டால் மீதி சுலபம். போகிற நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். பேச்சுக்கு, ஒரு தளத்தில் 60 நாள் என்று வைத்துக்கொள்வோம். மே 20-ஆம் தேதி தங்க வேண்டும் என்றால் மார்ச் 21-ஆம் தேதியே அறை திறந்துவிடும். பரீட்சை முடிந்ததும் பார்க்கலாம் என்று ஏப்ரல் கடைசி வரை காத்திருந்தால், ஒரு மாதத்துக்கு மேல் தாமதித்துவிட்டோம் என்று பொருள். அந்தத் தேதியை செல்போன் நாள்காட்டியில் போட்டு, முதல் நாள் மாலையே நினைவூட்டும்படி அலாரம் வையுங்கள்.

ஒரே தேதியைப் பிடித்துக்கொண்டு இருக்காமல், வீட்டில் எல்லோருக்கும் ஒத்துவரும் மூன்று தேதிகளைத் தயாராக வைத்திருங்கள். அதில் ஒன்றாவது செவ்வாய், புதன் போன்ற வார நாளாக இருக்கட்டும். சனிக்கிழமை ராத்திரிக்குப் போட்டி போடும் கூட்டம் செவ்வாய்க்கிழமை ராத்திரிக்கு வராது. ஊட்டி மலர்க்கண்காட்சி நடக்கும் மே மாதமும், ஆயுத பூஜை, தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கலை ஒட்டி வரும் தொடர் விடுமுறைகளும் நெரிசலான நாட்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூட நாட்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாத பெரியவர்களுக்கு, மற்ற நாட்கள் எல்லாமே நல்ல நாட்கள்தான்.

முன்பதிவு நாளன்று தேவைப்படும் விவரங்களை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். தங்குகிற ஒவ்வொருவரின் பெயர், வயது, அடையாள அட்டை எண், வண்டி எண். தளத்தில் பதிவுக் கணக்கு தேவை என்றால் அதையும் முன்னதாகவே தொடங்கி, ஒரு தடவை உள்ளே போய்ப் பாருங்கள். ஓடிபி வருகிற சிம் எந்த போனில் இருக்கிறதோ அந்த போன் கையில் இருக்கட்டும். அப்பா பெயரில் இருக்கும் சிம்முக்கு ஓடிபி போய், அவர் வயலில் இருக்கும்போது நீங்கள் வீட்டில் தவிப்பது வேண்டாம்.

ஒருவேளை அறை கிடைக்கவில்லை என்றாலும் முழுதாகக் கைவிட வேண்டாம். பதிவு செய்தவர்களில் சிலர் ரத்து செய்வார்கள். ரத்துக் கட்டணம் உயர்கிற நாளுக்கு முந்தைய நாட்களில்தான் பெரும்பாலும் ரத்துகள் வரும். அந்த நாட்களில் காலையும் இரவும் ஒரு தடவை தளத்தைத் திறந்து பாருங்கள்.

எது உண்மையான தளம்?

பல பேர் சொல்லும் ஒரு குறிப்பு, முகவரி ‘டாட் கவ் டாட் இன்’ என்று முடிந்தால் அரசுத் தளம் என்பது. அது சரிதான். ஆனால் அரசுச் சேவைகள் எல்லாமே அப்படி முடிவதில்லை. தமிழ்நாடு வனத்துறையின் மலையேற்றத் திட்டத்துக்கான முன்பதிவுத் தளம்கூட ‘டாட் காம்’ என்றுதான் முடிகிறது. அதனால் ‘டாட் காம்’ என்றாலே போலி என்று ஒதுக்கவும் முடியாது, பெயரில் ‘முதுமலை’ இருக்கிறது என்று நம்பவும் முடியாது.

பாதுகாப்பான வழி ஒன்று இருக்கிறது. தேடல் பக்கத்திலிருந்து நேராக முன்பதிவுத் தளத்துக்குப் போகாதீர்கள். முதலில் ‘டாட் கவ் டாட் இன்’ என்று முடிகிற தமிழ்நாடு வனத்துறையின் தளத்துக்கோ, நீலகிரி மாவட்ட நிர்வாகத்தின் தளத்துக்கோ போங்கள். அங்கே கொடுத்திருக்கும் இணைப்பைத் தொட்டு முன்பதிவுப் பக்கத்துக்குச் செல்லுங்கள். ஒரு தடவை சரியான பக்கத்தை அடைந்துவிட்டால் அதை போனில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை தேட வேண்டியதே இல்லை.

இன்னும் சில அடையாளங்கள். தேடல் பக்கத்தில் ‘விளம்பரம்’ என்ற குறிப்போடு மேலே வருவது, காசு கொடுத்து மேலே ஏற்றப்பட்டது. மேலே இருப்பதால் அது உண்மையாகிவிடாது. முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தாலும், தகவல் பாதுகாப்பாகப் போகிறது என்றுதான் அர்த்தம். யாரிடம் போகிறது என்பதை அது சொல்லாது. பூட்டைப் போலித் தளமும் போட்டுக்கொள்ளலாம். வரைபடச் செயலியில் இருக்கும் தொலைபேசி எண்ணை யார் வேண்டுமானாலும் மாற்றப் பரிந்துரைக்க முடியும். அதனால் எண்ணையும் அதிகாரப்பூர்வ தளத்திலிருந்தே எடுங்கள்.

எல்லாவற்றையும்விடத் தெளிவான அடையாளம், பணம் கேட்கும் விதம். அரசு முன்பதிவில் பணம் தளத்துக்குள்ளேயே கட்டப்படும், உடனே பதிவு எண்ணோடு ரசீது வரும். “என் ஜிபே நம்பருக்கு அனுப்புங்க” என்று தனி ஆளின் எண்ணைக் கொடுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அடுத்து “பணம் திருப்பித் தர்றோம், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க” என்றும் சொல்வார்கள். யுபிஐயில் பணம் வாங்குவதற்கு ஒருபோதும் பின் நம்பர் போட வேண்டியதில்லை. பின் நம்பர் கேட்டால் உங்கள் கணக்கிலிருந்து பணம் போகப்போகிறது என்று அர்த்தம்.

ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். இணையவழிப் பண மோசடிக்கான தேசிய உதவி எண் இது. தேசிய இணையவழிக் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் முடக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். பரிவர்த்தனை எண், நேரம், பேசிய எண், வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள்.

பணம் போயிடுச்சு, ஆனா அறை பதிவாகலை!

இது மோசடி அல்ல, ஆனால் அதே படபடப்பைக் கொடுக்கும். பணம் கட்டும்போது சிக்னல் போய்விடுகிறது. வங்கியிலிருந்து ‘டெபிட்’ குறுஞ்செய்தி வந்துவிட்டது. தளத்தில் பதிவு எண் இல்லை.

உடனே மறுபடி பணம் கட்ட வேண்டாம். முதலில் தளத்தில் ‘என் முன்பதிவுகள்’ பகுதியையும், மின்னஞ்சலையும் பாருங்கள். சில நிமிடங்கள் கழித்து ரசீது வருவது உண்டு. வரவில்லை என்றால், 2019 செப்டம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி போட்ட விதி உங்களுக்குத் துணை. யுபிஐ வழியாகவோ கார்டு வழியாகவோ இணையத்தில் கட்டிய பணம் கழிந்து, பெறுபவர் பக்கம் உறுதியாகாமல் போனால், பரிவர்த்தனை நடந்த நாளுக்குப் பிறகு 5 நாளுக்குள் அது தானாகத் திரும்ப வர வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் வங்கி இழப்பீடு தர வேண்டும்.

5 நாள் தாண்டியும் வரவில்லையா? வங்கியில் எழுத்துமூலம் புகார் கொடுத்து, புகார் எண் வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையம் வழியாகவே முறையிடலாம். கட்டணம் கிடையாது.

அறை கிடைச்சாச்சு. அடுத்தது என்ன?

அறை கிடைத்த மகிழ்ச்சியில் மறந்துபோகிற நாலு விஷயங்கள் உண்டு. சோதனைச் சாவடியில் நின்று திணறும்போதுதான் அவை ஞாபகம் வரும்.

முதலாவது, இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறை வந்தது. தெப்பக்காடு நீலகிரி மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆகவே மைசூரு பக்கமிருந்து கக்கநல்லா சாவடி வழியாக வந்தாலும் இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் விதிக்கப்பட்டது. அறை உறுதியானதும் அதே நாளுக்கு இ-பாஸும் எடுத்துவிடுங்கள். இது இலவசம். இ-பாஸுக்குக் காசு கேட்கிற தளம் போலி. அரசுப் பேருந்தில் வருகிறவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை.

இரண்டாவது, நேரம். முதுமலை, பந்திப்பூர் காடுகளுக்குள் போகும் நெடுஞ்சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனப் போக்குவரத்துக்குத் தடை. சாலையைக் கடக்கும் விலங்குகள் வண்டியில் அடிபட்டுச் சாகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. “ரூம் புக் ஆயிருக்கு சார், விட்டுடுங்க” என்று கேட்டு ஊழியர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம். பொழுது சாய்வதற்குள் அறைக்குப் போய்ச் சேர்வது போலப் பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, வழி. ஊட்டியிலிருந்து தெப்பக்காட்டுக்கு இரண்டு வழிகள். கல்லட்டி, மசினகுடி வழி சுமார் 36 கிலோமீட்டர். கூடலூர் வழி சுமார் 67 கிலோமீட்டர். வரைபடச் செயலி தூரம் குறைந்த கல்லட்டி வழியைக் காட்டும். அதில் 36 கொண்டை ஊசி வளைவுகள், செங்குத்தான இறக்கம். விபத்துகள் நடந்ததால் வெளியூர் வண்டிகளுக்கு அந்த வழியில் கட்டுப்பாடு இருக்கிறது. கூடலூர் வழியே போங்கள். நேரம் கூடினாலும் நிம்மதி.

நான்காவது, சிக்னல். காட்டுக்குள் எல்லா இடத்திலும் நெட்வொர்க் கிடைக்காது. முன்பதிவு ரசீது, இ-பாஸ் இரண்டையும் காகிதத்தில் அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள். போனிலும் படமாகச் சேமித்து வையுங்கள். அடையாள அட்டையை அசலாகவே கொண்டுபோங்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் நீலகிரியில் நுழையக் கூடாது. தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொண்டால் சாவடியில் பையைப் பிரிக்க வேண்டியிருக்காது.

காடு திடீர்னு மூடிட்டா?

முதுமலையில் தை, மாசிக்குப் பிறகு காடு காய்ந்துவிடும். காட்டுத்தீ அபாயம் கூடினால் சுற்றுலாவை நிறுத்துவார்கள். கனமழை, மண்சரிவு, வனவிலங்குக் கணக்கெடுப்பு ஆகிய காரணங்களுக்காகவும் சில நாட்கள் மூடுவது உண்டு. அறை உங்கள் பெயரில் பதிவாகியிருந்தாலும் காடு மூடினால் தங்க முடியாது.

இதற்காகத்தான் பணம் கட்டுவதற்கு முன் ரத்து விதியைப் படிக்கச் சொல்கிறோம். இரண்டு கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள். நாமாக ரத்து செய்தால், எத்தனை நாளுக்கு முன் எவ்வளவு திரும்ப வரும்? வனத்துறை மூடினால் முழுப் பணம் வருமா, வேறு தேதி தருவார்களா? பதிலைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு ஒரு தடவை அதிகாரப்பூர்வ தளத்தில் அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். முன்பதிவு தொடர்பான குறைக்கு உரிய பதில் வராவிட்டால் முதல்வரின் உதவி மையத்துக்கு 1100 என்ற எண்ணில் சொல்லலாம்.

டாப்சிலிப்புக்கும் பரம்பிக்குளத்துக்கும் ஒரு தனிக் குறிப்பு

பொள்ளாச்சிக்கு மேலே இருக்கும் டாப்சிலிப், ஆனைமலை புலிகள் காப்பகத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் வெட்டிய தேக்கு மரங்களை மேலிருந்து சரித்து விட்ட இடம், அதனால் அந்தப் பெயர். முன்பு இங்கே தங்க வேண்டுமானால் பொள்ளாச்சி வன அலுவலகத்துக்கு நேரில் போய் எழுதிக் கொடுக்க வேண்டும். இப்போது இணையம் வந்துவிட்டதால் சென்னைக்காரருக்கும் பொள்ளாச்சிக்காரருக்கும் ஒரே வாய்ப்புதான்.

டாப்சிலிப்பைத் தாண்டிப் போனால் பரம்பிக்குளம். சாலை வழி பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் என்று தமிழ்நாட்டுக்குள் போகிறது. ஆனால் பரம்பிக்குளம் கேரள மாநிலத்தின் புலிகள் காப்பகம். அங்கே தங்கும் அறைக்குக் கேரள வனத்துறையின் தளத்தில்தான் பதிவு செய்ய வேண்டும். இரண்டு மாநிலச் சாவடிகளிலும் கட்டணம் உண்டு. டாப்சிலிப் அறைச் சீட்டை வைத்துக்கொண்டு பரம்பிக்குளத்தில் தங்க முடியாது, அங்கே எடுத்த சீட்டு இங்கேயும் செல்லாது. சாவடிகளை மாலையிலேயே மூடிவிடுவார்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

எவ்வளவு முயற்சி செஞ்சும் அறை கிடைக்கலையா?

காட்டைப் பார்க்கக் காட்டுக்குள் தங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. கூடலூரிலோ ஊட்டியிலோ தங்கிவிட்டு, தெப்பக்காட்டிலிருந்து வனத்துறை நடத்தும் வாகனச் சவாரிக்கு வரலாம். கூடலூரிலிருந்து தெப்பக்காடு சுமார் 18 கிலோமீட்டர்தான். யானைகள் முகாமில் யானைகளுக்கு உணவூட்டுவதையும் பார்க்கலாம். நடக்கத் தெம்பு இருக்கிறவர்களுக்கு, தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் 40 பாதைகள் இருக்கின்றன. வழிகாட்டியோடு காட்டுக்குள் நடந்துவிட்டு வரலாம்.

வேண்டாத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அரசு அறை கிடைக்காதபோது, ‘காட்டை ஒட்டி ஹோம்ஸ்டே’, ‘ராத்திரி யானை பார்க்கலாம்’ என்று வரும் விளம்பரங்கள் மனதை இழுக்கும். 2021 ஜனவரியில் மசினகுடியில் ஒரு காட்டு யானை தீக்காயங்களோடு செத்துப்போனது. விடுதிப் பக்கம் வந்த அதன் மேல் எரியும் டயர் வீசப்பட்ட காட்சி நாட்டையே உலுக்கியது. அந்த விடுதிக்கு உரிய அனுமதி இல்லை என்பது பிறகு தெரிந்து சீல் வைக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான், 2020 அக்டோபரில், சீகூர் பகுதியில் யானைகள் வழித்தடத்தில் இருக்கும் விடுதிகளை அகற்ற வேண்டும் என்ற சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருந்தது.

அனுமதியில்லாத விடுதிக்கு நாம் கட்டும் ஒவ்வொரு ரூபாயும் யானையின் பாதையில் இன்னொரு சுவர் எழ உதவுகிறது. அதனால் தனியார் விடுதியில் தங்குவதென்றால் உள்ளாட்சி உரிமமும் சுற்றுலாத் துறைப் பதிவும் இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள். ராத்திரி ‘சஃபாரி’ கூட்டிப்போகிறோம் என்று சொன்னால் அது சட்டவிரோதம். உடன் போனவர்கள் மீதும் நடவடிக்கை வரலாம்.

போனில் இப்போதே செய்து முடிக்க வேண்டியவை

1. வனத்துறையின் அரசுத் தளம் வழியாக முன்பதிவுப் பக்கத்துக்குப் போய், அதைச் சேமியுங்கள்.
2. தொட முடிகிற கடைசித் தேதியைப் பார்த்து, முன்பதிவுக் காலத்தைக் கணக்கிடுங்கள்.
3. மூன்று தேதிகளை வீட்டில் பேசி முடிவு செய்து, முன்பதிவு திறக்கும் நாளுக்கு அலாரம் வையுங்கள்.
4. எல்லோருடைய பெயர், வயது, அடையாள அட்டை எண்களை ஒரே இடத்தில் எழுதி வையுங்கள்.
5. ரத்து விதியைப் படித்த பிறகே பணம் கட்டுங்கள்.
6. அறை உறுதியானதும் அதே நாளுக்கு இ-பாஸ் எடுங்கள்.
7. 1930 என்ற எண்ணைத் தொடர்புகளில் சேமித்து வையுங்கள்.

இவ்வளவையும் செய்ய அரை மணி நேரம் போதும். அதற்குப் பலனாக, ஒரு நாள் விடியற்காலையில் மாயாற்றின் சத்தம் கேட்டு உங்கள் பிள்ளை கண் விழிக்கும். சன்னலுக்கு வெளியே புள்ளிமான்கள் புல் மேய்ந்துகொண்டிருக்கும். அதற்கு நீங்கள் கொடுத்தது அறை வாடகை மட்டும்தான். ஏஜென்ட் கமிஷன் எதுவும் இல்லை. அடுத்த கோடைக்கு இன்றே நாள்காட்டியைத் திறந்து பாருங்கள்.